குருவி குறை சொன்ன படகுகள்

மார்ச் 3

அன்புக் குருவிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானேதான் எழுதுகிறேன், பக்கத்தில் யாரும் இல்லை. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. போன மாதம் உனக்குப் பிடித்திருந்த சளி விட்டதா?

மதியம் சாப்பிட்டதும் இந்தத் தாளை எடுத்து வைத்தேன். இப்போது விளக்குப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். 'ஞ' என்ற எழுத்தைக் கண்டுபிடித்தவருக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்திருக்காது. ஆனாலும் அதை ஒரு தடவை ஒழுங்காகப் போட்டு முடித்ததும் எழுந்து நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது.

உன் அம்மா இருந்தவரை உனக்கு அவள் எழுதும் கடிதத்தில் கடைசி வரியில் நான் வருவேன். 'அப்பா நலம்.' அவ்வளவுதான் என் பங்கு. போனில் என்றால் 'சரி, வச்சிடட்டா' என்பதற்கு மேல் எனக்கு வாய் வராது. இப்போது பார், பாதித் தாள் முடிந்துவிட்டது, இன்னும் விஷயத்துக்கே வரவில்லை.

விஷயம் இது. நான் ஒரு படகு வாங்கப் போகிறேன். நம் மாடியில் குடியிருக்கும் நங்கூரத்தை உனக்குத் தெரியும். காலமெல்லாம் அக்கரைக்கும் இக்கரைக்கும் பயணிகள் படகு ஓட்டியவன், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான் என்பதால் அந்தப் பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுடைய சின்னப் பாய்ப்படகில் போய்ப் போய் எனக்கும் சுக்கான் பிடிக்க வந்துவிட்டது. இருவரும் சேர்ந்து பெருங்கடல் தாங்கும் படகு ஒன்றைப் பழையதாக வாங்கி, கரையே தெரியாத இடத்துக்குப் போகலாம் என்றிருக்கிறோம். நான் வாழ்நாள் முழுக்க ரொட்டி அடுப்பின் வாயைப் பார்த்து நின்றவன். சுற்றிலும் எதுவுமே இல்லாத ஓரிடத்தில் ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

படகுத்துறைப் பலகையில் விற்பனை அறிவிப்புகள் ஒட்டுவார்கள். நங்கூரம் எனக்குப் படித்துச் சொல்லும்போது தனக்குப் பிடிக்காததை விழுங்கிவிடுவான். நூலக மாடியில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பில் நான் சேர்ந்ததே அதனால்தான்.

நீ படித்தவள். பழைய படகு வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் பார்த்து எழுது. நீ சரி என்று சொல்லாத படகை வாங்க மாட்டேன். இது வாக்கு.

கை வலிக்கிறது. சந்தோஷமான வலி.

உன் அப்பா


மார்ச் 16

அன்புள்ள அப்பா,

சளி விட்டுவிட்டது. உங்கள் கண்ணுக்குக் கண்ணாடி மாற்றினீர்களா?

உறையின் மேல் இருந்த எழுத்து யாருடையது என்று தெரியாமல், வேலை மேசையில் பல் செட்டுகளுக்கு நடுவில் வைத்துப் பிரித்தேன். படித்தபின் மதியம் முழுவதும் ஒரு கடைவாய்ப் பல்லையே தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். 'அது யாருக்கும்மா, குழந்தைக்கா?' என்று முதலாளி கேட்டார்.

உங்கள் எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்து, எதிர்காற்றில் நடக்கிற ஆட்கள் மாதிரி இருக்கின்றன. நான் பள்ளிவிட்டு வரும்போது நீங்கள் இரவெல்லாம் ரொட்டி சுட்ட களைப்பில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். அம்மா உதட்டில் விரலை வைப்பாள். நீங்கள் இவ்வளவு பேசுகிறவர் என்று எனக்குத் தெரியாது.

நூலகத்தில் இரண்டு புத்தகங்கள் எடுத்திருக்கிறேன். எந்தப் படகைப் பார்த்தாலும் உள்ளே போய், எல்லாவற்றையும் தொட்டு, முகர்ந்து பார்த்து எழுதுங்கள். நின்றால் தலை இடிக்கிறதா? பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் எத்தனை வருடத்துக்கு முந்தியவை? அவசரமே இல்லை. விரிவாக எழுதுங்கள்.

அன்புடன், குருவி


ஏப்ரல் 5

குருவிக்கு அப்பாவின் அன்பு. புதுக் கண்ணாடி வந்துவிட்டது. இத்தனை நாள் நான் கோடு தாண்டி எழுதியது இப்போதுதான் தெரிகிறது.

ஒரு வெள்ளைப் படகு பார்த்தோம். கரையில் கட்டைகள் மேல் தூக்கி வைத்திருந்தார்கள், ஏணி போட்டு ஏறினோம். உள்ளே நனைந்த மழைக்கோட்டு வாசனை. மேசையில் தேநீர்க் கோப்பைகள் விட்ட வட்டங்கள். பாய்மரம் தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்குகிற இடத்தில் பென்சில் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் 'சின்னவன்' என்று எழுதியிருந்தது. நானே வாசித்தேன்! கடைசிக் கோடு என் மார்புவரை வந்திருந்தது. ஒரு பையன் இந்தப் படகிலேயே வளர்ந்திருக்கிறான்.

படுக்கையில் படுத்துப் பார்த்தேன். படகு தரையில்தான் நிற்கிறது, ஆனால் அது நகர்வதாகவே எனக்குத் தோன்றியது. மேலே ஒரு சின்னக் கண்ணாடி, அதில் ஒரு மேகம். மேகம் கண்ணாடியைத் தாண்டும்வரை படுத்திருந்தேன்.

"பெரியவரே, படகு பார்க்க வந்தீங்களா, தூங்க வந்தீங்களா?" என்று தரகர் கீழே இருந்து கத்தினார்.

"தூங்கிப் பாத்துத்தான் வாங்குவோம்," என்றான் நங்கூரம்.

கம்பிகள் எப்போது மாற்றியவை என்று தரகருக்குத் தெரியவில்லை. தலை இடிக்கிறது, ஆனால் மெதுவாகத்தான் இடிக்கிறது. சுக்கான் பலகை அடியில் தனியாக, மெல்லிசாகத் தொங்குகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா


ஏப்ரல் 12

அன்புள்ள அப்பா,

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். நீங்களும் சாப்பிடுங்கள்.

வெள்ளைப் படகு வேண்டாம். எப்போது மாற்றியது என்று தெரியாத கம்பி மாற்றாத கம்பிதான் என்று புத்தகம் சொல்கிறது. நடுக்கடலில் மிதக்கிற மரம் ஒன்று மோதினால் அந்த மெல்லிய சுக்கான் போய்விடும். சுக்கானுக்கு முன்னால் அதைக் காக்க ஏதாவது இருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பென்சில் கோடுகளை நினைத்துக்கொண்டே இருந்தேன். அடுத்த படகைப் பார்த்ததும் எழுதுங்கள். பார்க்காவிட்டாலும் எழுதுங்கள்.

குருவி


மே 8

குருவிக்கு,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது, மற்றபடி சௌக்கியம். நீ வேலை செய்கிற இடத்தில் காற்று வருமா?

ஒரு நீலப் படகு வந்திருக்கிறது. இரும்புத் தகட்டில் செய்தது. நீ சொன்ன எல்லாமும் இருக்கிறது: சுக்கானுக்கு முன்னால் தடித்த காப்புக் கட்டை, போன வருடம் மாற்றிய கம்பிகள், ரசீது கூட நான் வாசித்தேன். தலை இடிக்கவில்லை. மெத்தை உறை வெளிர் நிறம், தரகர் கொடுத்த படத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நங்கூரம் உள்ளே போய் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அதைவிடப் பெரிய சான்றிதழ் இந்தத் துறையில் கிடையாது.

துருவும் சுரண்டிப் பார்த்தோம், மேலோட்டமானதுதான். அடுப்பு ஒன்று இருக்கிறது, படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது நேராகத் தொங்குகிறது. மனிதனுக்கும் இப்படி ஒரு கொக்கி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நீ சரி என்று எழுதிவிட்டால் அடுத்த வாரமே முடித்துவிடலாம்.

அப்பா


மே 17

அன்புள்ள அப்பா,

வேலைசெய்யும் இடத்தில் காற்றாடி இருக்கிறது. உங்கள் கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

நீலப் படகு பற்றி நிறைய யோசித்தேன். படத்தில் பார்த்தால் கழிப்பறைக் கதவு இடப்பக்கமாகத் திறக்கிறது. நீங்கள் வலது கையால் திறந்து பழகியவர். மெத்தை உறை வெளிர் நிறம் என்று எழுதியிருக்கிறீர்கள், அழுக்குத் தெரியும். வேண்டாம், அப்பா. இன்னும் நல்லது வரும்.

படகுத்துறையில் காலை நேரத்தில் என்னென்ன சத்தம் கேட்கும் என்று அடுத்ததில் எழுதுங்கள்.

குருவி


ஜூன் 10

குருவிக்கு,

கால் வீக்கம் வடிந்துவிட்டது. உன் கடிதத்தை நங்கூரத்துக்கு வாசித்துக் காட்டினேன். (இப்போதெல்லாம் நான்தான் அவனுக்கு வாசிக்கிறேன்.) அவன் சிரித்ததில் மேலே இருந்த புறாக்கள் பறந்தன. "ரொட்டி, ஒன் பொண்ணு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்கறாளா, படகு பாக்கறாளா?" நீலப் படகு வேறொருவருக்குப் போய்விட்டது. பரவாயில்லை.

நீ கேட்ட சத்தங்கள்: பாய்மரங்களில் கயிறுகள் டிங் டிங் என்று மோதும். ஒன்று ஆரம்பித்தால் பக்கத்துப் படகு பதில் சொல்லும், பிறகு வரிசையாக எல்லாம் பேசும். கண்ணை மூடிக்கொண்டால் ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் கழுவுகிற மாதிரி இருக்கும்.

இப்போது கேள். பச்சைப் படகு ஒன்று. ஃபைபர் படகு. இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை, ஏனென்றால் இது என் தொழில் பாஷையில் என்னோடு பேசியது. ரொட்டி வெந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வோம்? அடியைத் திருப்பி விரல் முட்டியால் தட்டுவோம். உள்ளே காலியாக, மத்தளம் மாதிரிச் சத்தம் வந்தால் பதமாக வெந்திருக்கிறது. பச்சைப் படகின் அடியில் குனிந்து தட்டினேன். தொம், தொம் என்றது! நீர்மட்டத்துக்குக் கீழே முழுவதும் சின்னச் சின்னக் கொப்புளங்கள், நன்றாகப் பொங்கிய மாவுக்கு மேல்தோலில் வருமே, அதேதான். அந்தப் படகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். தரகர் வேறு பக்கம் பார்த்தார், பாவம்.

நீ எப்படியும் சரி என்பாய் என்று தரகருக்குக் கை கொடுத்துவிட்டேன். மாதக் கடைசியில் முடிவாகிறது.

பெருமையுடன், அப்பா


ஜூன் 18

அப்பா,

நலம் விசாரிக்க நேரமில்லை. அந்தப் படகை வாங்காதீர்கள்.

ரொட்டிக்கு நல்ல சத்தம் படகுக்குக் கெட்ட சத்தம். ஃபைபர் பல அடுக்காக ஒட்டியது. நல்ல படகைத் தட்டினால் கல்லைத் தட்டியது போல் 'டக்' என்று கேட்க வேண்டும். தொம் என்றால் அடுக்குகள் பிரிந்து நடுவில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். கொப்புளங்களும் அதனால்தான். இரண்டு புத்தகத்திலும் இருக்கிறது.

கதவு இடப்பக்கம் திறப்பதைச் சொன்னவள் சொல்கிறாளே என்று நினைப்பீர்கள். இது கதவு விஷயம் இல்லை, அப்பா. ஒரு கொப்புளத்தைக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

குருவி


ஜூலை 2

அன்புக் குருவிக்கு,

உன் கடிதம் வந்தபோது நங்கூரம், "ஆரம்பிச்சுட்டாடா மறுபடி," என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மறைக்கவில்லை. ஆனால் நீ நலம் விசாரிக்காமல் எழுதிய முதல் கடிதம் இது. துறையிலிருந்து படகுப் பரிசோதகரைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் ஒரு கொப்புளத்தைக் கத்தி முனையால் கீறினார். பழுப்பாக ஒரு தண்ணீர் அவர் கையில் வழிந்தது. நான் விரலால் தொட்டு முகர்ந்தேன். புளித்துப்போன மாவு வாசனை! அந்த வாசனை வந்தால் நான் முழுத் தொட்டியையும் கொட்டிவிடச் சொல்வேனே. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"நல்லா வெந்திருக்குன்னு சொன்னியேடா," என்று நங்கூரம் இன்றுவரை என்னை விடவில்லை. தரகர் என்னைக் கண்டால் படகுக்குப் பின்னால் போய்விடுகிறார்.

எங்கள் இரண்டு பேரின் உயிரையும் நீ காப்பாற்றினாய். அதற்குப் பிறகு படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். அங்கே நங்கூரம் ஒன்று சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்:

"ரொட்டி, அந்தப் பொண்ணுக்கு நீலப் படகுல ஒரு குறையும் தெரியல. படகு அமைஞ்சா நீ போயிடுவ. நீ போயிட்டா லெட்டர் நின்னு போயிடும். அவ கண்டுபுடிச்ச குறை அதுதான். கதவும் இல்ல, மெத்தையும் இல்ல."

நான், "அப்படியா சொல்ற?" என்றேன். அவன், "படிக்கத் தெரிஞ்சவன் நீ, நான் சொல்லணுமா?" என்றான்.

அதனால் நேராகவே கேட்கிறேன். வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை எழுது. நான் போக மாட்டேன். மனத்தாங்கல் எதுவும் இருக்காது. நங்கூரமும் சரி என்றுவிட்டான். கரையிலிருந்தே உனக்கு எழுதிக்கொண்டிருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


ஆகஸ்ட் 19

குருவிக்கு,

சுகமாக இருக்கிறாயா? நான் சுகம். பதில் வராததால் தபால்காரரைத் தெருமுனையிலேயே பிடித்துவிடுகிறேன். "இல்ல தாத்தா," என்று தூரத்திலிருந்தே கையை ஆட்டுகிறார்.

அறிவிப்புப் பலகைப் பக்கம் போகவில்லை. இன்று ஒரு சின்ன ரொட்டி சுட்டேன். வேறு விசேஷம் இல்லை.

அப்பா


செப்டம்பர் 21

அன்புள்ள அப்பா,

இத்தனை நாள் உங்களைக் காக்க வைத்துவிட்டேன். நன்றாக இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

'வேண்டாம்' என்று ஒரு தாளில் எழுதினேன். உறைக்குள் போட்டு ஒட்டினேன். அது ஒரு வாரம் என் கைப்பையிலேயே போய்வந்தது. பிறகு ஒருநாள் மதியம் ஓய்வு நேரத்தில், விற்பனைக்கு வந்திருக்கிற படகுகளின் விளம்பரங்களை நானே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். ரயிலில் போனால் என் ஊரிலிருந்து அரை நாளில் ஒரு துறைமுகம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே போக ஆரம்பித்தேன்.

அங்கே கரையில் தூக்கி வைத்திருந்த ஒரு சாம்பல் நிறப் படகு. ஓய்வுபெற்ற பிரசவ நர்ஸ் ஒருவருடையது. கணவரோடு பெருங்கடலை அதில் கடந்தவர். இப்போது மூட்டு வலி.

"யாருக்கும்மா படகு?" என்றார்.

"அப்பாவுக்கு."

"அப்பாவுக்கா? அப்பாவுக்குக் கம்பளி, கைத்தடி வாங்கற பொண்ணுங்களத்தான் பாத்திருக்கேன்."

முன்முனையிலிருந்து பின்முனைவரை அடியைத் தட்டினேன். பல் செய்கிற சுத்தியலால் தட்டினேன், அப்பா. ஒவ்வொரு இடத்திலும் டக், டக். ஒரு பல் கூட ஆடவில்லை. தரைப் பலகையைத் தூக்கி அடியில் கிடந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரிக்கவில்லை. உப்பாக இருந்தால் கடல் உள்ளே வருகிறது என்று அர்த்தமாம். இது மழைத் தண்ணீர்தான். சுக்கானுக்கு முன்னால் கனமான காப்பு இருக்கிறது. கம்பிகளை அந்த அம்மா தன் கையாலேயே மாற்றியிருக்கிறார்.

பிறகு படுக்கையில் படுத்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தளத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன். விழித்தபோது எங்கே இருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. தெரியாமல் இருந்தது நன்றாக இருந்தது. நீங்கள் எதற்காகப் போக விரும்புகிறீர்கள் என்று அப்போது புரிந்த மாதிரி இருந்தது. அந்த அம்மா என்மேல் போர்வை போர்த்திவிட்டுப் போயிருந்தார்.

பெயிண்ட் உரிந்திருக்கிறது. அடுப்புக்குள் உங்கள் ரொட்டி நுழையாது. கழிப்பறைக் கதவு இடப்பக்கம்தான் திறக்கிறது. குறை தேடினேன், மனதாரத் தேடினேன்.

நான் சரி என்கிறேன். வந்து பாருங்கள்.

குருவி


டிசம்பர் 9
கடலில்

அன்புக் குருவிக்கு,

இருவரும் நன்றாக இருக்கிறோம். நங்கூரம் தூங்குகிறான். சுக்கானோடு கட்டிய காற்றுப் பலகை தானாகவே திசையைப் பார்த்துக்கொள்கிறது. நான் முழங்காலில் பலகை வைத்து எழுதுகிறேன். எழுத்து இப்போது இரண்டு பக்கமும் சாய்கிறது, மன்னித்துக்கொள்.

கரை போய்ப் பல நாளாகிறது. பார்க்கிற பக்கமெல்லாம் ஒரே வட்டம், அதன் நடுவில் நாங்கள். எவ்வளவு தூரம் போனாலும் நடுவிலேயேதான் இருக்கிறோம். விடியும்போது கடல் முதலில் சாம்பலாகி, பிறகு பால் மாதிரியாகி, பிறகு நிறமே இல்லாமல் கொஞ்ச நேரம் நிற்கும். அப்போது படகு தண்ணீரில் மிதக்கிறதா வேறெதிலாவது மிதக்கிறதா என்று சந்தேகம் வரும். நங்கூரத்திடம் கேட்டால், "எதுல மிதந்தா என்ன, மிதக்குதுல்ல," என்கிறான்.

கடிதம் நிற்கவில்லை, பார்த்தாயா. தினமும் ஒன்று எழுதுகிறேன். தபால் பெட்டிதான் தூரத்தில் இருக்கிறது. அடுத்த துறைமுகத்தில் எல்லாவற்றையும் ஒரே கட்டாகப் போடுவேன். உன் தபால்காரர் திட்டப்போகிறார்.

நீ எழுதியவற்றையெல்லாம் இங்கே திரும்ப வாசித்தேன். வெள்ளைப் படகு, நீலப் படகு, பச்சைப் படகு, இந்தப் படகு. நான்கு படகுகளின் அடிவயிறும் எனக்கு மனப்பாடம். ஆனால் உன் அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இனி நீ படகைப் பற்றிக் கேட்க வேண்டாம், அதுதான் வாங்கியாயிற்றே. இனிமேல் நான் கேட்கிறேன்.

ஜன்னலைத் திறந்தால் உனக்கு முதலில் என்ன தெரிகிறது? யாரோடு சாப்பிடுகிறாய்? ஒரு பல்லை எதிலிருந்து செய்ய ஆரம்பிப்பாய்? முதலாளி நல்லவரா? ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய்? அதற்கும் அடுத்த துறைமுகத்தின் விலாசத்தைக் கட்டின் மேல் எழுதியிருக்கிறேன். உன் பதிலை அங்கே தபால் நிலையத்தில் நான் வரும்வரை வைத்திருப்பார்களாம்.

அவசரமே இல்லை. விரிவாக எழுது.

உன் அப்பா